கரிச் சல்லடையும் கற்பூரத் தட்டும்

கனகராஜை நல்ல மனிதன் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் சொல்லும்போதே எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் வரும். ஒரு மாடி ஏறியிருந்தால் முடிந்திருக்க வேண்டிய காரியத்தை வருஷக்கணக்கில் நெஞ்சில் சுமந்து திரிந்தவன் அவன். இப்போது ஈப்போவில் ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் ஜாகாவாகக் காவல் வேலை பார்க்கிறான். என்னைக் கண்டால் கை தூக்குவான். சிரிப்பு மட்டும் பாதியில் நின்றுவிடும்.

என் பெயர் ஷரபுதீன். சிம்பாங் பூலாய் போகும் பாதையில், சுண்ணாம்பு மலையடியில் ஒரு கரி யார்டு இருந்தது. அதன் வாசலில் என் சாப்பாட்டுக் கடை. நானும் என் மனைவி ஜொஹரா பீவியும் அங்கே அடுப்பு மூட்டிய நாள் முதல் கனகராஜ் எங்கள் வாடிக்கைக்காரன். காலையில் ரோட்டி சானாய், பத்து மணிக்குப் பால் இல்லாத கோப்பி ஓ, மதியம் மீன் கறி. சட்டையில் உட்காரும் கரித்தூளை வாசலிலேயே தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான். மற்றவர்களுக்கு அந்த மரியாதை கிடையாது. என் நாற்காலிகள் எல்லாம் கறுத்துப் போனது அவர்களால்தான்.

யார்டில் அவனுக்குச் சல்லடை வேலை. துறைமுகத்திலிருந்து லோரிகளில் வரும் நிலக்கரி ஒரே கலவையாக இருக்கும். பாறை போல ஒன்று, மாவு போல ஒன்று. அதைப் பெல்ட் மேலே ஏற்றிக்கொண்டு போய் ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் கொட்டும். பெட்டி ஸ்பிரிங் மேல் சாய்வாக உட்கார்ந்திருக்கும். உள்ளே ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக மூன்று கம்பி வலைகள். மேல் வலையில் கண் பெரியது, கீழே போகப் போகச் சிறியது. மோட்டார் ஓடினால் பெட்டி நடுநடுங்கி ஆடும். கரி துள்ளித் துள்ளி இறங்கும். எந்தக் கண்ணில் நுழைய முடியவில்லையோ அந்த வலையோடு நின்று, அதற்கென்று உள்ள வாய் வழியாக வெளியே வந்து குவியும்.

குவியல்களுக்கு அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். தேங்காய், எலுமிச்சை, பாக்கு, தூள். தேங்காய் மறுபடி உடைக்கப் போகும். எலுமிச்சை சுண்ணாம்புச் சூளைகளுக்கு. பாக்கு பாய்லர்காரர்களுக்கு. தூள் சிமெண்ட் ஆலைக்கு. இந்த நாலும் கலக்காமல் இருந்தால்தான் யார்டு பிழைக்கும். அளவு மாறினால் சூளை அணைந்துபோகும் என்று சூளைக்காரர்கள் யார்டு முதலாளி தௌக்கேவைத் தொலைபேசியில் பிடித்துக்கொள்வார்கள், தௌக்கே வந்து கனகராஜைப் பிடித்துக்கொள்வார்.

மேலே, தகரக் கூரைக்குக் கீழே, சுவிட்சைப் பிடித்துக்கொண்டு கனகராஜ். கீழே, தூள் வாயில், மண்வெட்டியோடு பிச்சைமுத்து. பிச்சைமுத்து வேறு யாரும் இல்லை, கனகராஜின் மனைவி சரளாவுடைய அண்ணன். கனகராஜைவிட மூத்தவர். ஈப்போ சிலிபினில் ஒரே அடுக்குமாடியில் குடியிருந்தார்கள். கனகராஜும் சரளாவும் இரண்டாவது மாடி, அவர் மூன்றாவது. காலையில் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார்கள்.

மழைக் காலத்தில் ஈரக் கரி வந்தால் கீழ் வலையின் கண்கள் அடைத்துக்கொள்ளும். அப்போது பிச்சைமுத்து இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பார். அந்த இரைச்சலிலும் அது மேலே கேட்கும். கனகராஜ் மெஷினை நிறுத்துவான். பிச்சைமுத்து ரப்பர் சுத்தியலால் வலையைத் தட்டிவிட்டு மறுபடி ஒரு விசில் அடிப்பார். "மச்சான், விசிலடிச்சே பல்லு போயிரும் உங்களுக்கு" என்பான் இவன். "போனா உன் பல்ல எடுத்து மாட்டிக்குறேன்டா மாப்ள" என்பார் அவர். என் கடையில் இப்படித்தான் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கவே நன்றாக இருக்கும்.

இருவரும் தெலுக் இந்தான் பக்கம் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் கற்பூரத் தட்டு பிச்சைமுத்துவின் அப்பா கையில் இருந்தது. அவர்தான் கோவில் தலைவர். விபூதி முதலில் அவர் குடும்பத்துக்கு. கனகராஜின் அப்பாவுக்குக் கடைசி வரிசை. எல்லாருக்கும் கொடுத்து முடித்துத் தட்டில் மிச்சம் இருப்பதுதான் அவருக்கு. ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். அந்தக் கடைசி வரிசையை எனக்கு விவரிக்கும்போது கனகராஜின் குரல் ஒரு மாதிரி ஆகிவிடும். அப்பாவின் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடிப் போனதற்காக ஒரு தடவை முதுகில் அறை வாங்கியிருக்கிறான்.

அந்தக் கடைசி வரிசை வீட்டுப் பையனுக்குத் தலைவர் வீட்டுப் பெண் சரளா எப்படிக் கிடைத்தாள் என்றால், பிச்சைமுத்துவால்தான். அப்பா முடியவே முடியாது என்று நின்றபோது, தங்கச்சி கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்த் தெலுக் இந்தானில் கல்யாணத்தை நடத்தி வைத்தவர் அவர். பிறகு தோட்டம் கைமாறியது, ரப்பர் மரம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். இவர்கள் ஈப்போவுக்கு வந்தார்கள்.

இனி அந்த ஆயுத பூசை நாளைச் சொல்ல வேண்டும்.

யார்டில் ஆயுத பூசை என்றால் பெரிய விசேஷம். முதல் நாளே மெஷினைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவிவிடுவார்கள். சந்தனம், குங்குமம் வைத்து, தூண்களில் வாழைக் கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டால் அந்த இரும்புப் பெட்டிக்கும் ஒரு களை வந்துவிடும். அன்றைக்கு மெஷின் ஓடாது. குடும்பத்தோடு வருவார்கள். வங்காளதேசத்துப் பையன்கள் பொரி கடலைக்காகவே குளித்துவிட்டு நிற்பார்கள். தௌக்கே ஊதுபத்தியோடு வருவார். நான் கோப்பி கொண்டுபோவேன். எனக்கு அதில் பங்கில்லை என்றாலும் பூசணிக்காய் என் கணக்கு, வருஷம் தவறாமல் நான்தான் வாங்கித் தருவேன்.

கற்பூரம் காட்டுவது அதுவரை சீனி என்ற கிழவர், யார்டின் பழைய ஜாகா. அந்த வருஷம் அவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். தட்டு ஜெனரேட்டர் மேல் இருந்தது. யார் எடுப்பது என்று யாரும் பேசி வைக்கவில்லை. பிச்சைமுத்து வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு தட்டில் கை வைத்தார். மூத்தவர், வைப்பது சரிதானே என்று நான் நினைத்தேன்.

கனகராஜ் வந்து தட்டைப் பிடுங்கினான்.

"இது தோட்டம் இல்ல மச்சான்" என்றான். "இங்க சுவிட்சு என் கையில. மேல நிக்கிறது மேல நிக்கணும், தூளு கீழ விழணும். அதான் சல்லடை. தூளு வாருறவன் எல்லாம் தட்டு தூக்க வேணாம். போய்க் கடைசி வரிசையில நில்லுங்க."

பக்கத்தில் சரளா நின்றாள். அவர்கள் மகள் ஷாமினி நின்றாள். லோரிக்காரர்கள், பையன்கள், தௌக்கே, நான், எல்லாரும் நின்றோம். பிச்சைமுத்து வேட்டியைத் தளர்த்திக்கொண்டு போய்க் கடைசியில் நின்றார். கனகராஜ் கற்பூரம் காட்டினான். விபூதியை ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டு வந்து, பொரிக்காக வந்த பையன்களுக்கும் கொடுத்து, எல்லாருக்கும் பின்னால் அவருக்குக் கொடுத்தான். அவர் அதையும் வாங்கிப் பூசிக்கொண்டார்.

எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு என்று பிற்பாடு அவனையே கேட்டேன். "தெரியல பாய். அவரு கை தட்டுல பட்டதும் எங்கப்பா நின்ன இடம் கண்ணுல வந்துருச்சு" என்றான். சரி, வந்தது. வந்ததை விழுங்கியிருக்கலாமே.

அன்று வீட்டுக்குப் போனதும் சரளா அவனிடம் சொன்னாளாம். "எங்கப்பா தட்டு அண்ணன் கைக்கு வந்திருக்கணும். உங்களுக்கு என்னைக் கட்டிக் குடுத்ததுக்காக, வேற ஒருத்தர் கையில குடுத்துட்டாரு எங்கப்பா. தோட்டத்துல அண்ணன் ஒரு நாள்கூட அதைத் தொட்டதில்ல. இன்னிக்குத்தான் முதல் தடவ தொட்டுச்சு." அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு இல்லை என்றுதான் கனகராஜுக்குத் தெரியும். தட்டு போன கதை தெரியாது. பிச்சைமுத்து அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

மறுநாள் கடைக்கு வந்தவன் ரோட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டானே தவிர வாயில் வைக்கவில்லை. எனக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "மாடி ஏறிப் போ. ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. மனுஷன் உன்னைக் கடிச்சா திங்கப் போறாரு?" என்றேன்.

"முடியாது பாய். சபையில கேவலப்படுத்திட்டு, வீட்டுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு மன்னிப்புக் கேட்டா அது யாருக்குத் தெரியும்? அத்தன பேரும் பாத்தாங்கல்ல. அத்தன பேரும் பாக்கணும். அடுத்த பூசையில, அதே மெஷின் முன்னால, தட்ட நானே அவரு கையில குடுப்பேன். முதல் விபூதி அவருக்கு."

"அதுக்கு ஒரு வருஷம் இருக்கே."

"இருக்கட்டும். செய்றத ஒழுங்காச் செய்யணும்."

சரளாவும் சொல்லிப் பார்த்தாள். "அண்ணன் ஒண்ணும் கேக்கல. நீங்க மேல போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வாங்க, அது போதும்" என்றாள். கேட்கவில்லை. அவன் மனத்தில் அந்தக் காட்சி அவ்வளவு அழகாக உட்கார்ந்துவிட்டது. ஈப்போ டவுனுக்குப் போய்ப் புதிதாக ஒரு பித்தளைத் தட்டு வாங்கினான். செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்தான். "நீ மன்னிப்புக் கேக்கப் போறியா, நாடகம் போடப் போறியா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். கோபித்துக்கொண்டு சில நாள் எதிர்க்கடையில் கோப்பி குடித்தான். அந்தக் கோப்பி வாயில் வைக்க முடியாது, திரும்பி வந்துவிட்டான்.

அடுத்த வருஷம் பூசை வந்தது. பிச்சைமுத்து அன்றைக்கு லீவு போட்டுவிட்டார். அதற்கடுத்த வருஷமும் லீவு. இரண்டு தடவையும் கனகராஜ் வாசலைப் பார்த்துப் பார்த்துவிட்டு, தட்டைக் கையில் எடுக்காமல் வேறொருவரைக் கற்பூரம் காட்டச் சொன்னான். பூசை முடிந்தும் அவன் மாடி ஏறவில்லை. அடுத்த வருஷம் என்றான்.

இதற்கிடையில் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. பிச்சைமுத்து விசில் அடிப்பதை விட்டுவிட்டார். வலை அடைத்தால் மண்வெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார். அந்த மண்வெட்டி எப்போது மேலே வரும் என்று கனகராஜ் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பான். விசில் என்றால் காதுக்கு வேலை, எங்கே பார்த்துக்கொண்டிருந்தாலும் கேட்கும். இது அப்படி இல்லை. தலையைத் திருப்ப முடியாது. அத்தனை காலத்தில் ஒரு நாளும் அவன் கவனம் தப்பியதில்லை. பேச்சில்லாத மச்சானை அவன் பார்த்த அளவுக்கு எந்த மச்சானும் மச்சானைப் பார்த்திருக்க மாட்டான். இதை அவரிடம் போய்ச் சொன்னால்தான் என்ன? சொல்லமாட்டான்.

மோட்டார் சைக்கிளிலும் தனித்தனி. சாயங்காலம் இவன் தன் மாடியில் நின்று கதவைத் திறப்பான், அவர் முன்பே போய்ச் சேர்ந்திருப்பார்.

போன வருஷம் ஷாமினிக்குக் கல்யாணம் கூடியது. தை மாதத்தில் நாள் குறித்தார்கள். தாய்மாமன் இல்லாமல் அந்தப் பெண்ணை மணவறைக்கு யார் அழைத்து வருவது? சரளா அழுதுகொண்டு மாடிக்குப் போனாள். "இந்த வருஷம் பூசைக்கு வந்துருண்ணே. அவரு உன்கிட்ட ஒண்ணு குடுக்கணும்னு வச்சிருக்காரு" என்றாள். பிச்சைமுத்து, "சரி, வாரேன்" என்றாராம்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டுக் கனகராஜ் என் கடைக்கு ஓடி வந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. "பாய், பெரிய பூசணியா பாத்து வாங்குங்க" என்றான். "இப்பவாச்சும் மாடி ஏறு, வாரேன்னு சொன்னவருக்கு நன்றியாச்சும் சொல்லு" என்றேன். "இன்னும் கொஞ்ச நாள்தானே பாய்" என்றான்.

அந்தக் கொஞ்ச நாள்தான் அவனுக்குக் கிடைக்கவில்லை. சூளைக்காரர்கள் கேஸ் அடுப்புக்கு மாறிவிட்டார்கள். எலுமிச்சைக்கு ஆள் இல்லை என்றால் சல்லடைக்கு என்ன வேலை? தௌக்கே யார்டை மூடப் போவதாகச் சொன்னார். மெஷினைச் சரவாக்கில் யாரோ வாங்கிவிட்டார்கள். கீழே நிற்கும் ஆட்களுக்குத்தான் முதலில் கணக்கு முடித்தார்கள். பிச்சைமுத்து அந்த வாரமே வீட்டைக் காலி செய்துகொண்டு பாகான் டத்தோவுக்குப் போனார். அங்கே அவர் மகன் ஷர்வின் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறான். சாமான் இறக்கும்போது இரண்டாவது மாடியைக் கடந்துதான் போயிருப்பார்கள். கனகராஜ் அன்றைக்கு யார்டில் இருந்தான். அவர் போவது தெரிந்துதான் இருந்தான்.

பூசைக்குச் சில நாள் முன்பே மெஷினைக் கழற்றினார்கள். மூன்று வலைகளும் தனித்தனியாகச் சுவரில் சாய்ந்து நின்றன. பெட்டியைக் கிரேன் தூக்கி நீள லோரியில் வைத்தது. கனகராஜ் செய்தித்தாளில் சுற்றிய அந்தத் தட்டோடு வந்தான். லோரியில் ஏறி, பெட்டியின் நெற்றியில் பொட்டு வைத்து, கற்பூரம் ஏற்றினான். கிரேன் ஓட்டிய மலாய்க்காரர் மரியாதையாக இஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பார்க்க ஆள் யாரும் இல்லை. தௌக்கே, நான், கழற்ற வந்த கூலி ஆட்கள். கனகராஜ் தட்டை ஏந்திக்கொண்டு வாசலையே பார்த்தான். யார் வருவார் என்று பார்த்தானோ. கற்பூரம் அணைந்தது. லோரி கிளம்பியது. எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் போய், அழுகையே வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு அழைப்பதில் தாய்மாமனுக்குத்தான் முதல் வெற்றிலை. அதனால் கனகராஜும் சரளாவும் பாகான் டத்தோ போனார்கள். என் வேனில்தான் போனோம். பிச்சைமுத்து தென்னை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். சரளா கையிலிருந்து வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டார். ஷாமினியை விசாரித்தார். கனகராஜ் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அன்னிக்கு மெஷினு முன்னால நான் பேசினது..." என்று ஆரம்பித்தான்.

"மெஷினே போயிருச்சு மாப்ள" என்றார் பிச்சைமுத்து. குரலில் கோபம் இல்லை. "பழசு எதுக்கு? எளநி குடிங்க. தூரத்துலேருந்து வந்திருக்கீங்க."

அதற்கு மேல் பேச அவர் இடமே கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கவனிப்பதுபோல் கவனித்து அனுப்பினார். திரும்பும் வழியெல்லாம் கனகராஜ் ஜன்னலைப் பார்த்தபடி வந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னான்.

கல்யாணம் ஈப்போவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பிச்சைமுத்து வந்திருந்தார். வந்தவர் கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஐயர் தாய்மாமனைக் கூப்பிட்டதும் எழுந்து போனார். ஷாமினியின் கையைப் பிடித்து அழைத்து வந்தார், நெற்றியில் பட்டம் கட்டினார், மாலை போட்டார். ஒன்றிலும் குறை வைக்கவில்லை. பெண் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அடுத்து தாய்மாமனுக்கு மரியாதை. கனகராஜ் தட்டோடு வந்தான். அதே பித்தளைத் தட்டு. அதில் பட்டு வேட்டி, துண்டு, பழம், பூ. மண்டபம் நிறைய ஆள். பழைய யார்டு ஆட்களைத் தேடித் தேடி அழைத்திருந்தான், தௌக்கேயும் முன் வரிசையில் இருந்தார். அவன் கேட்ட சபை அன்றைக்குத்தான் முழுதாகக் கூடியிருந்தது. இடது கையில் மைக்கை வாங்கிக்கொண்டான். "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றான்.

பிச்சைமுத்து அந்த மைக்கை மெதுவாகக் கையால் பொத்தினார். ஏதோ சொன்னார். பிறகு தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாங்காமல், படி இறங்கி நடந்து வந்து என் பக்கத்தில் பழையபடி உட்கார்ந்துவிட்டார். மேளக்காரர்கள் விவரம் தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"தட்டெல்லாம் எனக்குப் பழக்கம் இல்ல, பெரியவங்க யாருக்காச்சும் குடுங்கன்னேன்."

"இன்னும் கோபமா?"

"கோபமா? அது அந்த தீபாவளிக்குள்ளயே போயிருச்சு பாய். சாயங்காலம் நான் வாசக் கதவச் சாத்துறதே இல்ல. படியில அவன் செருப்புச் சத்தம் கேக்கும். இன்னிக்கு வந்துருவான், இன்னிக்கு வந்துருவான்னு உக்காந்திருப்பேன். ரெண்டாவது மாடியோட நின்னுரும். வீட்டக் காலி பண்ற அன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் உக்காந்திருந்தேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப அந்தத் தட்ட வாங்கி நான் என்ன பண்றது, சொல்லுங்க."

நான் மேடையைப் பார்த்தேன். மாப்பிள்ளையையும் பெண்ணையும் நிறுத்திப் படம் எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். கனகராஜ் தட்டை ஏந்தியபடியே அவர்கள் பக்கத்தில் நின்றான். அதைக் கீழே வைத்துவிட்டு நிற்கச் சொன்னார் படம் எடுப்பவர். அவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.